பழுது எதுவும் காணப்படவில்லை

மயிரிழை அளவில் ஒரு பச்சைக் கோடு.
எந்த நெகட்டிவை வைத்தாலும்
மேலிருந்து கீழ்வரை விழுகிறது,
இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி.

மாப்பிள்ளை நின்றதெல்லாம் அந்தப் பக்கம்.
தாலி கட்டுகையில் அவன் மூக்கைப் பிளக்கிறது.
கேக் வெட்டுகையில்
கத்திக்கு முன்னமே அவனை வெட்டிவிடுகிறது.
மாதிரிப் படங்கள் பார்த்த அவன் தாய்
போனில் கேட்டா:
"பிள்ளை, இது படத்தில விழுந்த கோடோ,
பலனில விழுந்த கோடோ?"

ஃபிலிமில்தான் வேண்டும் என்று
ஒற்றைக்காலில் நின்றவள் கஜந்தினி.
அப்போது அவளுக்கு நாலாம் மாதம்.
பிள்ளைக்கு முந்தி ஆல்பம் வர வேண்டும் என்றாள்.

பதினோரு கிலோ ஸ்கேனர்.
பழைய குளிர்ச்சட்டை இரண்டில் சுற்றி
சந்தைக்குப் போகும் தள்ளுபையில் ஏற்றி
பீல் தபால் கந்தோர் வரை இழுத்துப் போனேன்.
எங்கள் ஊரில் கடைக்காரருக்கே இரண்டு மொழி.
வின்டர்தூர் சேவை மையத்துக்கு ஒரே மொழி,
அதிலும் ஒரே வாக்கியம்:
பழுது எதுவும் காணப்படவில்லை.
சோதனைக் கட்டணம் நூற்றெண்பது பிராங்க்.

இல்லாத பழுதுக்கே இவ்வளவென்றால்
இருக்கிற பழுதுக்கு
வீட்டை ஈடு வைக்க வேண்டுமாக்கும்.

இரண்டாம் முறை
படம் ஒன்றில் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு
'இங்கே' என்று எழுதி அனுப்பினேன்.
கண்ணாடியைத் துடைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.
கோடு இப்போது இன்னும் தெளிவு.

போனில் வயலின் வாசித்தார்கள்.
உங்களுக்கு முன்னால் நால்வர் என்றது குரல்.
இருபது நிமிடம் கழித்து
உங்களுக்கு முன்னால் ஐவர்.
சோறு வடித்து, கறி தாளித்து, பாத்திரம் கழுவிய பின்
ரூக்செகர் என்றொருவர் வந்தார்.
"ஃபிலிமில் கீறல் இருக்கலாம், அம்மணி."
ஃபிலிமே வைக்காமலும் விழுகிறதே, ஐயா.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"சரி. மாதிரிக்கு ஒரு நெகட்டிவை உள்ளே வைத்து அனுப்புங்கள்."

கல்யாணத்தைக் கொடுக்க மனமில்லை.
என் சொந்தத் துண்டொன்றை வைத்தேன்:
பால்கனிக் கொடியில் விறைத்த சேலை,
ரயிலில் வாய் பிளந்து தூங்கும் கணவன்,
லிஃப்ட் கண்ணாடியில் நான்,
முகம் இருக்க வேண்டிய இடத்தில் கமெரா.

ஏழு வாரம்.

திரும்பி வந்த பெட்டிக்குள் குளிர்ச்சட்டைகள் இல்லை.
மூடியில் என் தேநீர்க் கோப்பை பதித்த வட்டம் இல்லை.
உள்ளே யாரோ ஒருவரின் நெகட்டிவ்:
ஏரிக்கரை, நனைந்த நாய்,
நாற்காலி, இரண்டு முழங்கால்கள்,
மறுபடி அதே நாய், இன்னும் நனைந்து.
வைத்து ஓட்டிப் பார்த்தேன்.
கோடு இல்லை.
நாயின் மீசை நுனியில் ஒரு துளி நீர், முழுசாக.

நான் பொய் சொல்லிப் பழகாதவள்.
இது என்னுடையதல்ல என்று அன்றைக்கே எழுதினேன்.
இதுவரை வராத வேகத்தில் பதில் வந்தது:
எங்கள் பதிவேட்டின்படி இது உங்களுடையதே.
பழுது எதுவும் காணப்படவில்லை.

அன்றிரவு விடியும் வரை ஓட்டினேன்,
ஒன்பது ரோலையும்.
மாப்பிள்ளைக்கு மூக்கு ஒன்றாய்ச் சேர்ந்தது.
"இப்பதான் பிள்ளை வடிவு" என்றா தாய்.
கஜந்தினி எட்டாம் மாத வயிற்றில் ஆல்பத்தைச் சாய்த்து
பக்கம் புரட்டினாள்.

எங்கோ ஒரு மேசையில் என் பெட்டி.
அந்த முழங்கால்காரர்
என் சேலையை, என் கணவனின் வாயை,
லிஃப்டில் நிற்கும் முகமில்லாத என்னைப்
பச்சைக் கோட்டோடு பார்த்திருப்பார்.
இந்நேரம் வயலின் கேட்டுக்கொண்டிருப்பார்.
அவருக்கு முன்னால் ஐவர்.

நாயை உறையிலிட்டு ஒட்டிவிட்டேன்.
முத்திரையும் குத்தியாயிற்று.
விலாசம் எழுதும் இடத்தில்
மை ஒரு புள்ளியாய்ப் பெருத்துக்கொண்டிருக்கிறது.