இஃப்

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
செருப்புக் கடை மாடியில் ஒரு அறை.
ஐந்து பழைய கணினிகள், உயிரோடு நாலு.
உப்புக் காற்று விசைப்பலகைக்குள் இறங்கி
முதலில் தின்றது எஸ்ஸை.
பாலிடெக்னிக் முடித்துவிட்டு
இன்டர்வியூவுக்குப் படிக்கும் நாலு பேர் நாங்கள்.

ஓணம் லீவில் எனக்குக் கிறுக்குப் பிடித்தது.
பைத்தானின் முப்பத்தைந்து சொற்களையும்
தமிழாக்கிவிடுவது என்று உட்கார்ந்தேன்.
பிரேக், நிறுத்து ஆனது.
ரிட்டர்ன் அலுங்காமல் வந்தது: திரும்பு.
இஃப்பில் தட்டி நின்றது வண்டி.

நம் மொழியில் அது
வரியின் வாசலில் நிற்பதில்லை.
வினைக்கு வாலாய் ஒட்டிக்கொண்டு வரும்:
பெய்தால். பிடித்தால். வந்தால்.
பிய்த்தெடுத்துத் தலைப்பில் வைத்தேன், 'ஆல்' என்று.
அறுந்த பல்லிவால்
அப்படித்தான் கிடந்து துடிக்கும்.

"எங்கிண்ணு போடுடே" என்றான் அருமனை விஜின்.
"மழ பெய்யிச்செங்கி."
சுசீந்திரத்து தாணுலெட்சுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"பெஞ்சுதுன்னா. அதான் தமிழு."
அகராதி சொன்னது 'எனில்'.
சலவை வேட்டி கட்டிக்கொண்டு
மீன் சந்தைக்கு வந்தது போல் நின்றது அது.
ஐம்பது கிலோமீட்டருக்குள்
எந்தத் தாயின் மொழியில் எழுத?

டெல்பின் நிமிரவே இல்லை.
கொட்டில்பாட்டுக்காரி,
அவள் எழுதிக்கொண்டிருந்தது பங்குக் கணக்கு:
வள்ளத்துக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு, ஆளுக்கு.
ஆங்கில எழுத்தில்
சாளை என்றும் கடன் என்றும்
மாறிகளுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

"இஃப்புக்கு என்ன அர்த்தம்ணு நான் யோசிச்சதே இல்ல மக்கா.
அது கதவுக் கொண்டி. போட்டா பூட்டும், எடுத்தா தொறக்கும்.
நீ தமிழாக்குனா
வரிக்கு வரி எங்க அம்மைதான் பேசுவா.
காத்து மாறுனா, எஞ்சின் நின்னா,
அவன் இன்னும் வரலேண்ணா...
வேண்டாம். இங்கயாவது
அர்த்தம் இல்லாம இருக்கட்டும்."

எனக்குப் பதில் இல்லை.

ஓட்டினாள்.
திரை சிவந்தது. மூன்று வரி ஆங்கிலம்.
இவ்வளவு பேசியவள்
உதட்டை மட்டும் அசைத்துப் படித்தாள்.
"திட்டுதா இது?"
நான் எழுந்து வருவதற்குள்
எழுதிய நாற்பது வரியையும் அழித்துவிட்டு
முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.
எப்போதும் அப்படித்தான் செய்வாளாம்.
ஒரு மாதமாய்ப் பக்கத்தில் இருந்தும்
நான் பார்த்ததில்லை.

விட்டுப்போனது எட்டாவது வரியின் கடைசியில்
ஒரு முக்காற்புள்ளி.

அன்றிரவு முப்பத்தைந்து சொற்களையும்
அப்படியே போட்டுவிட்டு
சிவப்பு வரிகளை எடுத்தேன்.
'எட்டாவது வரி. கடைசியில் ரெண்டு புள்ளி வேணும்.
மற்றதெல்லாம் சரி. அழிக்காதே.'
மேலே 'பிழை' என்று தலைப்பு வைத்தேன்.
மறுநாள் டெல்பின் அதைச் சத்தமாய்ப் படித்தாள்,
ஏவல் வினை போல,
கரையில் நின்று யாருக்கோ சொல்வது போல:
பிழை.
பிறகு எட்டாவது வரிக்குப் போனாள்.

நேற்று விஜினின் கணினியைத் திறந்தேன்.
நான் கைவிட்ட பட்டியலை எடுத்து
யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்திருக்கிறான்.
வரியின் தலையில் ஒன்றுமில்லை.
கடன் பூஜ்யம் எல்லாம் முடிந்து
அதன் வாலில், அதன் இடத்தில்,
எங்கி.

ஓடுகிறது.
எப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை.
அந்த ஒரு கணினியில் மட்டும்.