ஏழு மில்லிமீட்டர்

ஊரையே மேலே ஏற்றிவிடுகிறவன்
கீழ்த்தளத்திலேயே நிற்கிறான் என்று
பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர்
சொல்லிச் சிரித்துவிட்டார்கள்.
நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.
பிறகு வீட்டுக்கு வந்து
சோற்றுத் தட்டின் முன்னால் குமுறியிருக்கிறேன்:
கோ சாருக்கு என்னைப் பிடிக்காது,
ஹாஃபிஸுக்கு வாய் இருக்கிறது,
நல்ல புளோக்கெல்லாம் அவனுக்கே போகிறது.
செலின் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே கேட்பாள்.
ஒன்றும் சொல்ல மாட்டாள்.

மார்ச் மாதம், மார்சிலிங்.
இரண்டாவது லிஃப்ட்
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நின்றுபோனது.
உள்ளே உணவு கொண்டுவந்த பையன்,
நாற்பது நிமிடம்.
கதவைத் திறந்தபோது அவன் திட்டவில்லை.
"ஆர்டர் கேன்சல் ஆயிருச்சு அண்ணே,
மீ சோத்தோ, நீங்க சாப்பிடுறீங்களா?" என்றான்.
வாங்கிக்கொண்டேன்.
அதுதான் உறுத்தியது.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
அதற்கு எனக்கு நாலு பதில் மனப்பாடம்:
பாகம் வரத் தாமதம்.
முந்தின ஷிப்ட்.
மழை ஈரம்.
குடியிருப்பாளர் கதவைப் பிடித்து இழுத்தார்.
பேனா பழக்கத்தில் 'மழை' என்று தொடங்கியது.
அந்த வாரம் முழுக்க வெயில்.
அடித்துவிட்டு எழுதினேன்:
போன மாதம் கதவுப் பூட்டைத் திறந்து பார்க்காமலே
பார்த்ததாக டிக் போட்டேன். இருதயராஜ்.

வாய்மை வெல்லும் என்பார்களே,
எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.
போனஸிலும் கை வைத்தார்கள்.
"பைத்தியமா உனக்கு?" என்ற ஹாஃபிஸ்
அன்றைக்குக் கோப்பிக்குக் காசு வாங்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு
டிக் போடக் கை கூசுகிறது.
அந்தக் கூச்சம்தான் முதலில் வந்த பழக்கம்.
அதன் பின்னால் வந்தவை எல்லாம் தங்கவில்லை.
விடியற்காலை ஓட்டம் ஒன்பது நாள்.
ஆங்கிலப் பத்திரிகை ஒரு வாரம், அதிலும் பாதி விளையாட்டுப் பக்கம்.
தங்கியது ரயில்.
ஈசூனில் ஏறினால் கிராஞ்சி வரை
கைப்பேசி பைக்குள்.
மடியில் கன்ட்ரோலரின் சர்க்யூட் வரைபடம்.
கான்பெராவில் ஒரு கோடு,
செம்பவாங்கில் ஒரு ரிலே,
அட்மிரல்டியில் பள்ளிப் பிள்ளைகள் இடித்துக்கொண்டு ஏற
தாள் கசங்கும்.
உட்கார இடம் கிடைக்காத நாளுக்கும் விலக்கு இல்லை.
தூங்கிவிட்ட நாளில்
'தூங்கினேன்' என்றே குறிக்கிறேன்.

கணக்கில் சும்மா கிடந்த பயிற்சிப் பணத்தில்
பாலிடெக்னிக் இரவு வகுப்பு.
பக்கத்து நாற்காலிக்காரனுக்கு என் மகன் வயது,
என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டுக் கால்குலேட்டர் கடன் கேட்பான்.
முதல் தேர்வில் அவன் தேறினான்.
"வாத்தியார் வேகமா..." என்று
செலினிடம் ஆரம்பித்தேன்.
அவள் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு
நிமிர்ந்து பார்த்தாள்.
அந்த வாக்கியம் இன்னும் முடியாமல்தான் கிடக்கிறது.

வியாழக்கிழமை நேர்காணல், சூப்பர்வைசர் வேலைக்கு.
ஹாஃபிஸும் எழுதிப் போட்டிருக்கிறான்.
அவன் புளோக்குகளுக்கு இரண்டு வாரம் நான் போனேன்;
ஒரு திருகாணிகூடத் தளர்ந்திருக்கவில்லை.
வாய் மட்டுமில்லை அவனுக்கு.

லிஃப்ட் வந்து நிற்கும் தரைக்கும்
வெளியே இருக்கும் தரைக்கும் நடுவில்
ஒரு சின்ன மேடு விழும்.
கண்ணுக்குத் தெரியாது.
சக்கர நாற்காலிக்குத் தெரியும்,
இரவு வேலை முடித்து வரும் காலுக்குத் தெரியும்.
இன்று காலை பதினோராம் மாடியில் மண்டியிட்டு
அளவுகோலை வைத்தேன்.
ஏழு மில்லிமீட்டர்.
பத்து வரை விட்டுவிடலாம்.
"ஏழுதானே" என்றது
உள்ளே இருக்கும் பழைய ஆள்.
ஏழு என்று எழுதினேன்,
அறிவிப்புப் பலகையை மாட்டி
லிஃப்டை நிறுத்தினேன்,
கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு
மேலே உள்ள இயந்திர அறைக்குப்
படியேறினேன்.