பிசிறு

கார்ல்ஸ்பாட் ஊருக்குள் சலவைக்கடை வைத்திருக்கிறேன்.
பதினாறு இயந்திரம், எட்டு உலர்த்தி.
எட்டாவது சும்மா சுற்றும், சூடு ஏறாது.
உலர்த்தியின் வலையை நாளைக்கு ஆறு தரம் வழிப்பேன்.
ஊர் மொத்தமும் சாம்பல் நிறத்தில் கையோடு வரும்.
கனமே இருக்காது.

அதனால்தான்
குகையைத் துடைக்க ஆள் வேண்டும் என்று
பூங்கா அலுவலகத்தில் நோட்டீஸ் பார்த்ததும்
சிரித்துக்கொண்டே பேர் கொடுத்தேன்.

மின்தூக்கி எழுநூற்றைம்பது அடி இறங்கியது.
மேலே மார்ச் மாதக் காற்று மணலை வாரி அடிக்கிறது.
கீழே காற்றுக்கு வேலையே இல்லை.

கொடுத்தது ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு இடுக்கி,
ஒரு காகிதப் பை.
பாதையோரம் மண்டியிட்டோம், ஆறு பேர்.
தலைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது,
வந்துபோனவர்கள் உடுத்தியதெல்லாம்
பாறைமேல் பூசணம் மாதிரி.
நீலம்தான் அதிகம். உலகமே ஜீன்ஸ் போட்டு வந்திருக்கிறது.
அப்புறம் முடி.
அப்புறம் எதுவென்று சொல்ல முடியாத ஒரு மாவு.
"தோல்" என்றாள் ரேஞ்சர் விலோனா,
மணி சொல்வதுபோல.

இருந்தால்தான் என்ன, என்று கேட்டேன்.
அதைத் தின்னப் பூச்சி வரும், பூச்சியைத் தின்ன இன்னொன்று,
ஈரத்தில் ஊறினால் கல்லையே அரிக்கும் என்றாள்.
யாரும் எதையும் தொடவில்லை.
நடந்தார்கள்.
வாய் பிளந்து அண்ணாந்து பார்த்தார்கள்.
அதற்கே இவ்வளவு உதிர்ந்திருக்கிறது.

எனக்கு அடுத்து டெல்ஃபீனோ பரேலா.
பொட்டாஷ் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம்.
வெடி வைத்து, சுவர் சரிந்ததும்
போய் வாரிக்கொண்டு வருவது வேலை.
இடது காது அங்கேயே போயிற்று.
இப்போது மூச்சை அடக்கி,
சோளப்பொரி மாதிரி வெடித்து நிற்கும் கல்லின் இடுக்கிலிருந்து
ஒற்றை ஆரஞ்சு நூலை இழுக்கிறார்.
அறுந்துவிட்டது.
ஸ்பானிஷில் ஒரு கெட்ட வார்த்தை.
அது கூடத்துக்குள் போய், எதிலோ பட்டு,
கொஞ்சம் மரியாதை கற்றுக்கொண்டு திரும்பி வந்தது.

மதியம் ஒரு பள்ளிக்கூடக் கும்பல் கடந்து போனது.
ஒரு பையன் மட்டும் நின்று,
"எதைத் தொலைச்சிட்டீங்க?" என்றான்.
அவன் நின்றது டெல்ஃபீனோவின் இடது பக்கம்.
எனக்கோ பதில் வரவில்லை.
உன்னைத்தான் தேடுகிறோம் என்று சொல்லியிருக்கலாம்.
அது அவன் போன பிறகு தோன்றியது.
அவனுடைய சிவப்புக் கம்பளித் தொப்பியிலிருந்து
ஏதோ ஒன்று, விளக்கில் மினுங்கி,
அவசரமே இல்லாமல்
நான் அப்போதுதான் துடைத்த இடத்தில் இறங்கியது.

எடுத்தேன்.

ஐந்தாம் நாள் பைகளைத் தராசில் வைத்தார்கள்.
ஆறு பேர், ஐந்து நாள்,
பதினோரு பவுண்டு சொச்சம்.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் டெல்ஃபீனோ.
சுரங்கத்தில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை டன் என்று
ஆரம்பித்தவர், அப்படியே விட்டுவிட்டார்.

மேலே ஏறும்போது மின்தூக்கி வெளிச்சத்தில்
என் ஸ்வெட்டரைப் பார்த்தேன்.
முழங்கை இரண்டும் நைந்து, உள்ளே சட்டை தெரிந்தது.
ஐந்து நாளும் அந்த முழங்கையை ஊன்றித்தான்
குனிந்திருந்தேன்.
ஊதா நிறம்.
அடுத்த வருஷம் யாராவது
தலைவிளக்கைச் சாய்ப்பார்கள்.

விலோனாவிடம் சொல்லவில்லை.
வண்டியை எடுத்து நேரே கடைக்குப் போனேன்.
எட்டாவது உலர்த்தியின் கதவில் யாரோ சீட்டு ஒட்டியிருந்தார்கள்:
காசைத் தின்றுவிட்டது,
துணி இன்னும் ஈரம்.