ஆபீசர்ஸ் லைன், முதல் மாடி

இங்கே யாரும் விறைப்பாக நிற்பதில்லை.
சத்துவாச்சாரி கோர்ட்டில் மூன்றாம் முறையாக வாய்தா.
எதிர்த்தரப்பு வக்கீல் வேர்க்கடலை உரித்தபடி
"பழகிடும் மேஜர் சார்" என்கிறார்.

பதினெட்டு வருடம் சட்டம் எனக்குப்
பச்சை உடுப்பில் வந்தது,
மாதம் பிறந்தால் சம்பளத்தோடு.
இப்போது கறுப்புக் கோட்டு. அதற்கு மேல்
வேலூர் வெயில் தனியாக ஒரு கோட்டு.
ஃபீஸ் கேட்கும்போது
குரல் இறங்கிவிடுகிறது.

மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்
சம்பங்கி, கணியம்பாடி.
முகம் பிடிபடவில்லை.
படை நம்பரைச் சொன்னதும் பட்டிண்டா வந்தது,
ராணுவ நீதிமன்றம், ஜனவரிப் பனி,
விடுப்பு முடிந்து நாற்பத்தொரு நாள் திரும்பாத சிப்பாய்.
"பணிநீக்கம் சட்டப்படி சரியே" என்று
கோப்பில் எழுதிய கை
இதோ, மேசைமேல் இருக்கிறது.

"பென்ஷன் கேஸ் என்றால் நான் தொடக்கூடாது."
"அது போச்சுங்க. இது கெணறு.
மோட்டார் ரூமை அண்ணன் பூட்டிட்டான்."

ஊரில் இத்தனை வக்கீல் இருக்க?

"அன்னிக்கு என் பேப்பரைக்
கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சவர்
நீங்க ஒருத்தர்தான்.
அம்மா சாவு சர்டிபிகேட்டுல
நான் தேதியைத் திருத்தினதைக்
கண்டுபிடிச்சதும் நீங்கதான்."

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு
பேனாவை மூடித் திருப்பித் தந்தார்.
எவ்வளவு என்று கேட்டார்.

கீழே பாகாயம் பஸ்
ஹாரன் அடிக்கும்வரை காத்திருந்து
தொகையைச் சொன்னேன்.

"காதுல விழலைங்க" என்றார்.