அயடின் சொட்டு

கவ்வாத்துக்கு முன்னாடி
ஏழாம் நம்பர் மலையில்
பென்சில் தடிப்பு வேர் ஒன்றை நறுக்கி
அயடின் ஒரு சொட்டு விடுவார் சின்னதுரை.
கருநீலம் ஓடினால்
"வெட்டு, சன்னாசி."
வெளிறியே கிடந்தால்
ஆறு கிழமைக்கு அந்த மலைப்பக்கம் கத்தி போகாது.

இருபத்தாறு வருஷம்.
நான் வெட்டியதெல்லாம் முளைப்பதற்குத்தான்.
முழங்கால் உயரத்தில் மொட்டையாய் நிற்கும் தூரைப் பார்த்து
ஒருநாளும் இரக்கப்பட்டதில்லை.
மிலாறைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு வருவேன்.
அடுப்பு அதைத்தான் தின்னும்.

கண்டி ஆஸ்பத்திரியில்
இந்திராணிக்கு ஆறு தடவை ஏற்றினார்கள்,
இருபத்தொரு நாளுக்கு ஒன்று.
மார்பில் இருந்தது
நெல்லிக்காய், பிறகு சுண்டைக்காய்,
பிறகு படத்தில் ஒன்றுமே இல்லை.
நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.
டொக்டர் சிரிக்கவில்லை.
அவள் எடை பார்க்கப் போயிருந்தாள்.
துண்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்,
அதைச் சுற்றி நிறைய வட்டம்.
அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
மிஸ்ஸி தமிழில் சொன்னார்:

"மருந்து ஓடுறவனத்தான் அடிக்கும்.
வேகமாப் பெருகுறவன் எல்லாம் விழுந்துட்டான்.
நடுவில ஒருத்தன் படுத்துத் தூங்கினா
மருந்துக்கு அவனத் தெரியாது.
எழும்பினான்னா
அத்தனையையும் திரும்ப அவனே உண்டாக்கிருவான்.
இருக்கான்னு சொல்லல.
இல்லன்னும் சொல்ல ஏலாது."

"தூர்," என்றேன்.
மிஸ்ஸிக்கு விளங்கவில்லை.

"அவன் இருக்கானான்னு பார்க்க
ஒரு சொட்டு இருக்கா,
நீலமாகிற மாதிரி?"

டொக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
தேடிக்கொண்டிருக்கிறார்களாம்,
தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே அடிக்க,
இல்லாவிட்டால் எழும்பாமலே வைக்க.
எங்கேயோ, கண்ணாடித் தட்டுகளில்.
அதுவரைக்கும் மாத்திரை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்.

ஹட்டன் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்.
கினிகத்தேனை தாண்டியதும் மழை.
தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து
"தொட்டுப் பாரு, முளைக்குது" என்றாள்.
முள்ளும் பஞ்சுமாய் அரை இஞ்சி.
மருந்து இதையும்தான் அடித்தது.
அடியில் ஏதோ படுத்துக் கிடந்திருக்கிறது.
சந்தோஷத்தில் போன கை
பாதியில் நின்றது.

"என்ன சொன்னாரு, அவ்வளவு நேரம்?"
"புரட்டாசியில வரட்டாம்."
"அவ்வளவுதானா?"

வெளியே, கவ்வாத்து முடிந்த ஒரு மலை
மழையில் கறுத்து வந்தது, போனது.
இது முளைக்கட்டும், அது வேண்டாம் என்று
எந்தச் சாமியிடம் பிரித்துக் கேட்பது?

"அவ்வளவுதான்," என்றேன்.
கண்டக்டர் மிச்சக்காசு இருபது ரூபா தரவில்லை.
இறங்கி, மேட்டில் பாதி ஏறிய பிறகுதான்
ஞாபகம் வந்தது.