கீழ்க்கடைவாய், இடப்புறம், இரண்டாவது

நிகோசியா. பச்சைக்கோட்டுக்கு நடுவே
விமானம் இறங்காத விமான நிலையம்.
பூனைகள் மட்டும் பாஸ்போர்ட் இல்லாமல்
இரு பக்கமும் போய்வரும்.

கிணற்றிலிருந்து வந்தது அந்தப் பல்.
எலும்பெல்லாம் சுண்ணாம்பாய்ப் பொரிந்துவிட்டிருந்தது,
மூன்று முறை முயன்றும் திரையில் வெறும் கோடு.
பல் மட்டும்
முப்பத்தெட்டு வருடம் வாய் திறக்காமல்
உள்ளே ஒரு துளி ஆளை வைத்திருந்தது.

ப்ளீச்சில் கழுவினேன். புற ஊதா வெளிச்சத்தில் வைத்தேன்,
என் மூச்சு, என் வியர்வை, என் இனம்
எதுவும் ஒட்டாதிருக்க.
உறையவைத்து அரைத்தபோது
பல் டாக்டர் அறையின் வாடை.
கால் ஸ்பூன் மாவு.
அவ்வளவுதான் லெஃப்தேரிஸ்.

ஆணா பெண்ணா என்று முதலில் பார்ப்போம்.
அதைச் சொல்லும் மரபணுவின் சொந்த வேலை
பல்லுக்கு எனாமல் கட்டுவது.
ஆந்த்ரியானியிடம் சொன்னேன்.
அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், ஒரே மேஜை.
"சாப்பிடப் போகலாமா, நெவ்ஜிஹான்" என்றாள்.

பிறகு பதினைந்து இடங்கள்.
ஒவ்வொன்றிலும் நாலெழுத்துச் சொல் ஒன்று
திக்கித் திக்கி ஒன்பது முறை, பன்னிரண்டு முறை.
அம்மாவின் எச்சிலோடு வைத்துப் பார்த்தேன்,
எல்லா இடத்திலும் பாதி அவள்.
மகன்தான். சந்தேகமில்லை.

ஆண்வழிக் கோடுதான்
சித்தப்பா ஸோதிரிஸின் ரத்தத்தோடு
பாதி இடங்களில் சேரவே இல்லை.
இருமுறை ஓட்டினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு அறிக்கை எழுதினேன்.
எங்களைக் கேட்டது ஒரே கேள்வி: இவன் யார்?

வியாழக்கிழமை வந்தார் பன்டெலிட்சா,
எழுபத்தெட்டு வயது, கொழுந்தனார் கையைப் பிடித்தபடி.
எலும்புகளைத் தொடவில்லை.
"எந்தப் பல்?" என்றார்.
தாடையின் வெற்றுக் குழியைக் காட்டினேன்.
"அது வலிக்குமே அவனுக்கு.
கிராம்பு வைத்துக்கொண்டு தூங்குவான்."

கையெழுத்துப் போட ஸோதிரிஸ் அடுத்த அறைக்குப் போனார்.
கதவு சாத்தும்வரை காத்திருந்துவிட்டு
கிரேக்கத்தில், மெல்ல, ஏதோ கேட்டார்.
ஆந்த்ரியானி துருக்கியில் சொன்னாள்:
"வேறென்ன சொன்னது அந்தப் பல்?"

பல் போயும் சொல் போகவில்லை.

"பெயர் மட்டும்" என்றேன்.
ஆந்த்ரியானி அதையும் மொழிபெயர்த்தாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் கைப்பையைத் திறந்தார். மூடினார்.
பக்கத்து அறையில் ஸோதிரிஸ்
எழுதுகிற பேனா ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார்.