முதலாளி கையொப்பம்

தெருவில் எல்லார் மகப்பேறு உதவிக்கும்
ஆதார் முன்பக்கம் பின்பக்கம்
ஒரே தாளில் எடுத்துக் கொடுத்தவள் நான்.
புளோரா ஜெராக்ஸ், ஓட்டேரி,
சுகாதார நிலையத்துக்கு நாலு கடை தள்ளி.

இப்போது எனக்கு ஏழாம் மாசம்.
மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
பக்கவாட்டில்தான் நுழைய முடிகிறது.
நேற்று என் படிவத்தை நானே நகலெடுத்தேன்.
நாலு பக்கம், எட்டு ரூபாய்.
கல்லாவில் போட்டுவிட்டேன். பழக்கம்.

மாத வருமானம்:
பள்ளி திறக்கும் ஜூனிலா,
மழையில் கரண்ட் போகும் நவம்பரிலா?
முதலாளி பெயர்: புளோரா.
தொழிலாளி பெயர்: மேற்படி.

"முதலாளி சீல் வேணும்மா" என்றார் கவுன்ட்டரில்.
"நான்தான் சார்."
"அப்ப லீவு யார் குடுத்தது?"
"ஷட்டர்தான் சார்.
இறக்கினா லீவு. இறக்கினா சம்பளமும் இல்ல."
அவர் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கடித்தார்.
வரிசையில் பின்னால் ஒருத்தி சிரித்தாள்,
பூ விற்கிறவள், இடுப்பில் கை ஊன்றி.

பக்கத்துக் கடை யூசுபிடம் ரப்பர் ஸ்டாம்ப் சொன்னேன்.
"உரிமையாளர்னு போடவா, புரொப்ரைட்டர்னா?"
எதில் எழுத்து கம்மியோ அது.

சாயங்காலம் சீல் வந்தது.
'மேற்படியாருக்கு விடுப்பு அனுமதிக்கப்படுகிறது'
என்று எழுதி, மை ஒற்றி, ஓங்கி ஒரு குத்து.
உள்ளேயிருந்தும் ஒன்று.

எந்தத் தேதி முதல் என்ற இடம்
இன்னும் காலியாக இருக்கிறது.
"அக்கா, மூணு செட்" என்று
யாரோ ரேஷன் கார்டை நீட்டினார்கள்.